கரிய எண்ணெயின் கணக்கு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

கப்பல் இயந்திரங்களின் எண்ணெயையும் அதன் வடிகட்டிகளையும் வீண்போகாமலும் கேடு செய்யாமலும் பேணும் முறையைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். வன்னியிலே துறைமுகம் ஏது, வவுனியாவிலே கடல் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நெல்லையும் குளத்தையும் காட்டையும் பற்றிப் பேசவேண்டிய மேடையிற் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குக் காரணம் கூறுவது எமது கடமை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, கப்பல் நமக்குத் தூரத்துப் பொருளன்று. 2006ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் சென்ற 'பாரா 3' என்னும் ஜோர்தான் நாட்டுக் கப்பல் இயந்திரக் கோளாறினால் முல்லைத்தீவுக் கரையில் வந்து ஏறியது. மாலுமிகள் உயிர் தப்பினர். கப்பலோ பல ஆண்டுகள் முள்ளிவாய்க்காற் கரையிலே துருவேறிக் கிடந்தது. பின்னர் அந்தக் கரையில் நிகழ்ந்தவற்றை நம்மில் எவரும் மறக்கமாட்டோம். அவற்றைப் பேச இது இடமன்று. ஆயினும் அந்தக் கப்பல் சொன்ன சிறிய பாடம் ஒன்றுண்டு. எத்துணைப் பெரிய கப்பலாயினும், இயந்திரம் நின்றுவிட்டால் அது மிதக்கின்ற இரும்புப் பெட்டியே.

இரண்டாவது, கப்பலின் இயந்திரமும், நம் கடற்றொழிலாளரின் வள்ளத்து இயந்திரமும், வயலில் ஓடும் உழவு இயந்திரமும், கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைப் பேணும் ஒழுங்கு மற்றதற்கும் பொருந்தும். அந்த ஒழுங்கைக் கப்பற்காரர் சட்டத்தினால் கற்றார்கள். நாம் அறிவினாற் கற்கலாம். இதுவே எமது பேச்சின் கருத்து.

எண்ணெயின் தொழில்

மசகு இடுதல் நம் முன்னோருக்குப் புதிதன்று. மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார்கள், அதுவே மசகு. இன்று நம் பத்திரிகைகள் 'மசகு எண்ணெய்' என்று எழுதுவது, நிலத்திலிருந்து எடுத்தபடியே உள்ள சுத்திகரிக்கப்படாத எண்ணெயை. நாம் இங்கே பேசுவது அதையன்று. இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஓடுவதும், கடையில் 'ஒயில்' என்று கேட்டு வாங்குவதுமாகிய எண்ணெயையே பேசுகிறோம். உலகெங்கும் விற்கப்படும் 'காஸ்ட்ரோல்' என்ற பெயர்கூட ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். நம் வீட்டு ஆமணக்கும் ஒரு காலத்தில் இயந்திரத்துக்கு உதவியது.

எண்ணெயின் தொழில் வழுக்கச் செய்வது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இரும்பும் இரும்பும் உராயாமல் இடையிலே மெல்லிய படலமாக நிற்பது ஒன்று. பிஸ்டனின் சூட்டை ஏந்திக்கொண்டு போய் வெளியேற்றுவது ஒன்று. எரிபொருளின் கந்தகத்தாற் பிறக்கும் அமிலத்தைத் தன்னிடத்துள்ள காரத்தால் அடக்குவது ஒன்று. புகைக்கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் தன்னோடு சேர்த்துக் கழுவிக்கொண்டு வருவது மற்றொன்று. இத்தனை பேருடைய வேலையை ஒருவரே செய்கிறார்! ஆகையால் அவர் கறுத்துப் போவதில் வியப்பில்லை. எண்ணெய் கறுத்திருப்பது அது தன் கடமையைச் செய்ததற்கு அடையாளம்; கறுத்த மாத்திரத்தே அது செத்துவிட்டது என்பதற்கு அடையாளமன்று.

இங்கேதான் முதன்மையான உண்மை இருக்கிறது. எண்ணெய், விறகைப்போல எரிந்து தீர்வதில்லை. துணியைப்போல நைந்து கிழிவதுமில்லை. அதன் சேர்மானங்கள் மெல்ல மெல்லச் செலவாகின்றன. வெப்பத்தால் ஓரளவு கெடுகிறது. ஆனாற் பெரும்பாலும் அதற்கு நேர்வது அழுக்கே. நீரும், கரியும், துகளும், கசிந்த எரிபொருளும் அதனுட் புகுகின்றன. அழுக்கை அகற்றத் தெரிந்தவன் எண்ணெயை நெடுநாள் வைத்திருப்பான். தெரியாதவன் எண்ணெயையே அகற்றுவான்.

கப்பலில் நடப்பது

பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டும் மெதுவேக இயந்திரத்தில் இருவகை எண்ணெய் உண்டு. ஒன்று உருளைக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு அங்கேயே செலவாகிவிடும். மற்றது இயந்திரத்தின் அடியிலுள்ள தொட்டியிலிருந்து மேலேறி, சுழன்று, மீண்டும் தொட்டிக்கே வந்துசேரும். முன்னதைச் செலுத்தும் அளவு, ஒரு கிலோவாற்று மணிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.2 கிராம் வரை. மிகச் சிறிய அளவென்று தோன்றும். ஆனால் 10,000 கிலோவாற்று இயந்திரம் ஒன்றுக்கு 0.8 கிராம் என்று கணக்கிட்டாலும் மணிக்கு 8 கிலோ. ஒரு நாளைக்கு 190 கிலோவுக்கு மேல்! அதிகமாகச் செலுத்தினால் வீண், புகை, கரிப்படிவு. குறைவாகச் செலுத்தினால் உருளை தேயும். ஆகவே உருளையின் அடியில் வடிந்துவரும் எண்ணெயை எடுத்துச் சோதித்து, அதில் இரும்புத் துகள் எவ்வளவு, காரம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்து அளவைத் திருத்துகிறார்கள். 2020 சனவரி முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளிற் கந்தகம் 0.5 வீதத்துக்கு மேற் கூடாது என விதிக்கப்பட்டபின், அதற்கேற்ற காரமுள்ள எண்ணெயைத் தேர்வதும் இந்தத் திருத்தத்தோடு சேர்ந்தது.

தொட்டியிற் சுழலும் எண்ணெயோ ஆயிரக்கணக்கான லீற்றர். அதை அடிக்கடி ஊற்றிவிட்டுப் புதிது நிரப்ப எந்தக் கப்பற் சொந்தக்காரராலும் இயலாது. ஆதலின் அதைக் கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். எப்படி? பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பொறியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டி லாவால் என்பவர் 1878இல் அதனை உருவாக்கினார். பாலுக்காகப் பிறந்த அந்தப் பொறியின் வழித்தோன்றலே இன்று கப்பல்தோறும் எண்ணெயைச் சுத்திசெய்கிறது. எண்ணெயை ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வரை சூடாக்கி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கிண்ணத்துட் செலுத்தினால், பாரமான நீரும் கசடும் ஓரத்துக்கு ஒதுங்க, இலேசான எண்ணெய் தெளிந்து நடுவழியே வெளிவருகிறது.

இதன் பின் வடிகட்டி. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் எழுபது பங்கு. பேரிங்கில் நிற்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்கிரோனே. ஆகவே கண்ணுக்குத் தெரியாத துகளே இயந்திரத்தை அரிக்கும் பகை. வடிகட்டியைப் பேணுவதிலும் இருவழி உண்டு. அடைத்ததும் எறிந்துவிடும் கடதாசி வடி ஒன்று. கழுவி மீண்டும் மாட்டும் உலோக வலை மற்றொன்று. பெரிய கப்பல்களில், எண்ணெயையே சிறிது பின்னோக்கிப் பாய்ச்சித் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வடிகட்டியும் உண்டு. முன்னாலுள்ள சுழற்பொறி நன்றாக வேலைசெய்தால், வடிகட்டி நீண்ட நாள் உழைக்கும். எறியும் குப்பையும் குறையும். ஒழுங்கு என்பது சங்கிலி. ஒரு கண்ணி வலுத்தால் அடுத்ததும் வலுக்கிறது.

கடைசியாகச் சோதனை. எண்ணெயின் பாகுநிலை, அதிலுள்ள நீர், காரம், உலோகம் ஆகியவற்றைக் கால ஒழுங்கிற் சோதித்து, கெட்டபோதுதான் மாற்றுகிறார்கள். நாட்காட்டியைப் பார்த்து மாற்றுவதில்லை. நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து மருத்துவர் நோயறிவதுபோல, எண்ணெயைச் சோதித்து இயந்திரத்தின் நோயையும் அறிகிறார்கள்.

கணக்குப் புத்தகம்

இவ்வளவு செய்தும் கசடு எஞ்சும். எஞ்சுவதை என்செய்வது? முற்காலத்தில் விடை எளிது: கடல் பெரியது, ஊற்றிவிடு. அந்த விடையை மாற்றுவதற்கே கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1973இலும் 1978இலும் ஆக்கப்பட்டு, 1983 ஒக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்தது. 'மார்போல்' என்று அதனைச் சுருக்கி வழங்குவர். அதன்படி, இயந்திர அறையிற் சேரும் அழுக்கு நீரில் எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருந்தால் அதைக் கடலில் விடலாகாது. 400 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எண்ணெய்ப் பதிவுப் புத்தகம் ஒன்று வைத்திருத்தல் வேண்டும். எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்கு எவ்வளவு கசடு சென்றது, எவ்வளவு எரிக்கப்பட்டது, எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் எழுதப்படும். எழுதிய அதிகாரி ஒப்பமிடுவார். நிறைந்த ஒவ்வொரு பக்கத்திலும் கப்பற்றலைவர் ஒப்பமிடுவார். கடைசிப் பதிவுக்குப் பின்னும் மூன்றாண்டு அதைக் காத்து வைத்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறுதலைத் தடுக்கும் சட்டம் உண்டு.

சட்டம் இருந்தால் திருட்டும் இருக்கும். சுத்திசெய்யும் பொறியைத் தொடாமல், களவாகக் குழாய் ஒன்றைப் பூட்டி அழுக்கைக் கடலுக்கு அனுப்புவோர் உண்டு. கப்பற்காரர் அதற்கு இட்ட பெயர் 'மாயக் குழாய்'. 'கரீபியன் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பலில் 2013 ஓகஸ்டில் அத்தகைய குழாயை ஒருவர் கண்டார். அவர் அந்தக் கப்பலிற் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர். மூத்தவர்கள் செய்வதைக் கண்டும் காணாததுபோல் இருந்திருந்தால் அவருடைய வேலைக்கு ஊறில்லை. அவரோ வேலையை விட்டு இறங்கி, பிரித்தானிய அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்னார். முடிவு, 2016 டிசெம்பரில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி அமெரிக்க டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. சகோதரர்களே, புத்தகமும் பொறியும் கடலைக் காப்பாற்றவில்லை. புதிதாக வந்த ஒருவருடைய மனச்சாட்சியே காப்பாற்றியது. நம்மில் எத்தனையோ இளைஞர் நாளை கப்பலேறக்கூடும், தொழிற்சாலைகளிற் சேரக்கூடும். அந்த மனிதரின் செய்கையை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

2017 சனவரி 28இல் சென்னைக்கு வடக்கே எண்ணூரை அண்டிய கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், மக்கள் வாளிகளால் அள்ளியதும் உலகம் அறிந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்ததை நாம் மறக்கவில்லை. பெருங் கேட்டுக்குப் படமும் செய்தியும் உண்டு. ஆனால் நாள்தோறும் ஒரு போத்தல், ஒரு கான் என்று ஊற்றப்படுவதற்குப் படமுமில்லை, செய்தியுமில்லை, புத்தகமுமில்லை.

இந்தச் சிறு சிறு ஊற்றலின் முடிவு யாதென்று அறியக் கடல்கடந்து போகவேண்டா. ஆனையிறவைக் கடந்தாற் போதும். சுன்னாகத்திலே மின் உற்பத்திக்காகப் பெரிய டீசல் இயந்திரங்கள் ஓடின. அவை கப்பல் இயந்திரத்தின் உடன்பிறப்புகள். அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோரின் கிணறுகளைச் சுத்திசெய்யும் செலவின் பொருட்டு 2 கோடி ரூபா செலுத்துதல் வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நன்று. ஆயினும் கிணற்றுத் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்த தாய்க்கு, அத்தனை ஆண்டுக் காலத்தைத் தரக்கூடிய நீதிமன்றம் எது?

ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறும் கணக்கொன்று இது: ஒரு கலன் பழைய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும். நம் சேமமடுவுக்கு அண்மையிற் பிறக்கும் கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுவிலே தங்கி, சுண்டிக்குளக் கடல்நீரேரியிற் சேர்கிறது. அந்த வழியெங்கும் வீதியோரத்துக் கராச்சுகளும், உழவு இயந்திரங்களும், நீரிறைக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. மண்ணில் ஊற்றிய எண்ணெயை மழை எங்கே கொண்டுசெல்லும்? வயல் வாய்க்காலுக்கும் குளத்துக்கும். குளம் எங்கே கொண்டுசெல்லும்? இறால் வளரும் கடல்நீரேரிக்கு. ஆகவே, வவுனியாவிற் கடல் இல்லை என்பது தேசப்படத்தின் கூற்று. நீரின் கூற்று அதுவன்று.

நம் கரையில்

முல்லைத்தீவுக் கரையில், கொக்கிளாய் தொடங்கி வடக்கே, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல. இவற்றில் இரட்டை அடிப்பு இயந்திரத்துக்கு எண்ணெய்த் தொட்டியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. எண்ணெயை எரிபொருளோடு கலந்து ஊற்றவேண்டும். ஒரு பகுதி எரிய, எரியாதது புகையோடு சுழல்விசிறியின் நடுவழியே நேராக நீருக்குட் போகிறது. 50 லீற்றருக்கு ஒரு லீற்றர் என்ற கலப்பில், நாளொன்றுக்கு 25 லீற்றர் எரிக்கும் வள்ளம் அரை லீற்றர் எண்ணெயைச் செலவிடும். ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போனால் அது 100 லீற்றர். இஃது உத்தேசக் கணக்கு. ஒவ்வொருவரும் தத்தம் வள்ளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கை மதிப்பாகக் கூடுதலாக ஊற்றுவதால் இயந்திரம் வலுப்பதில்லை. பிளக்கிற் கரி படிகிறது, காசு கடலிற் கரைகிறது.

நால் அடிப்பு இயந்திரம் எண்ணெயைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. எரிபொருளும் குறைவாகக் குடிக்கிறது. ஆனால் ஏறத்தாழ 100 மணிக்கொருமுறை எண்ணெய் மாற்றவேண்டும். அந்தப் பழைய எண்ணெய் எங்கே போகிறது என்பதே வினா.

மற்றொரு நுட்பம். சுழல்விசிறியின் தண்டிலே தங்கூசி நூல் சுற்றிக்கொண்டால், அது உள்ளேயிருக்கும் அடைப்பு வளையத்தை அறுத்துவிடும். பின் கியர் எண்ணெய் வெளியே கசியும். கடல்நீர் உள்ளே புகும். எண்ணெயைத் திறந்து பார்க்கையிற் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது என்று அறிக. சுழல்விசிறியைக் கழற்றி நூலை அகற்றுவது கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரம் ஒரு கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும்.

தரையிலே, பழைய எண்ணெயைக் கறையானுக்கு மருந்தென்று வேலிக் கட்டைக்குப் பூசுகிறோம். மழை அதைக் கழுவி அடிமண்ணிற் சேர்க்கிறது. அந்த வேலிக்கு எட்டடி தள்ளியே கிணறும் இருக்கிறது. சிலர் செங்கற் சூளையில் எரிக்கிறார்கள். அதிலுள்ள உலோகம் புகையாகி, வேலை செய்பவரின் நெஞ்சுக்குட் போகிறது.

செய்யத்தக்கவை

குறை கூறுதல் எளிது. ஆகவே, நம் சங்கத்து இளைஞர் செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று: அளவுப் பாத்திரம். கலப்பைக் கைமதிப்பாற் செய்யாது, இயந்திரத்தோடு வந்த கைநூல் சொல்லும் அளவின்படி அளந்து ஊற்றுக. கைநூல் ஆங்கிலத்திலிருந்தால், படித்த நாம் அதைத் தமிழில் எழுதி வாடிதோறும் ஒட்டலாம்.

இரண்டு: சோதனை. ஒற்றுத்தாளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால், நடுவில் அடர்ந்த கரி வட்டமும் சுற்றிலும் தெளிந்த வட்டமும் தோன்றும். கரி பரந்து செல்லாமல் நடுவிலே திரண்டு நின்றால் எண்ணெய் தளர்ந்துவிட்டது. இது நுண்ணிய சோதனையன்று. ஆயினும் ஒரு சதச் செலவில்லாத வழிகாட்டி. அறிவியல்நகரிலே பொறியியற் பீடம் இருக்கிறது. நுண்ணிய சோதனைக்கு அங்குள்ள ஆசிரியர்களை நாடுவது மாணவராகிய எமது பொறுப்பு.

மூன்று: வடிகட்டி. கழற்றிய வடியைச் சூடு ஆறுமுன் துளையிட்டுக் கவிழ்த்து, ஓர் இரவு வடியவிடுக. உள்ளே நின்ற எண்ணெய் பாத்திரத்திற் சேரும். எஞ்சும் இரும்பு பழைய இரும்போடு போகும்.

நான்கு: பொதுப் பரல். ஒவ்வொரு இறங்குதுறையிலும், கமக்காரர் சங்கக் கட்டடத்திலும் மூடியுள்ள பரல் ஒன்று, கூரைக்குக் கீழே, சீமெந்துத் தளத்தில் இருக்கட்டும். அதிலே தண்ணீரோ பெற்றோலோ கலக்கலாகாது. ஓர் உழவு இயந்திரத்திலிருந்து ஒருமுறை வடிவது ஆறேழு லீற்றர். முப்பது இயந்திரம் சேர்ந்தால் ஒரு பரல் நிறையும். நிறைந்ததை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்றவரிடமே கொடுத்தல் வேண்டும். புத்தளத்துச் சீமெந்து ஆலையின் பெருஞ் சூளை போன்றவற்றிற் பழைய எண்ணெயை எரிபொருளாக்குகிறார்கள். வேறு நாடுகளில் அதை மீண்டும் சுத்திகரித்துப் புதிய எண்ணெயாகவே ஆக்குகிறார்கள்.

ஐந்து: இவற்றையெல்லாம் உயிர்ப்பிப்பது புத்தகம். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். இன்னார் இன்ன திகதி இவ்வளவு கொண்டுவந்தார்; இன்ன திகதி இவ்வளவு கொடுத்தோம். இரண்டு வரி, ஓர் ஒப்பம். வாங்கிய அளவும் திரும்பிய அளவும் அருகருகே எழுதப்பட்டால், நடுவில் எவ்வளவு மண்ணுக்குப் போயிற்று என்பது தானே தெரியும். பெருங் கப்பலுக்குச் சட்டம் விதித்த புத்தகத்தை, நம் சிறு வள்ளத்துக்கு நாமே விதித்துக்கொள்வோம்.

"ஏழைக்கு இதெல்லாம் இயலுமா?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, வள்ளங்களைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்தவர்கள் நம்மவர்கள். அவர்களிடம் புதிய செலவைச் சுமத்த எமக்கு மனமில்லை. ஆனால் மேலே சொன்னவற்றிற் பரல் ஒன்றைத் தவிர விலை கொடுத்து வாங்கவேண்டியது யாது? அளந்து ஊற்றுவது சேமிப்பு. நூலை அகற்றுவது சேமிப்பு. கெட்டபோது மட்டும் மாற்றுவதும் சேமிப்பு. பரலைச் சங்கம் வாங்கட்டும்; கொப்பியை நாம் எழுதுவோம்.

முடிவாக ஒரு வார்த்தை. வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, அந்த உப்புநீரிலே விளக்கேற்றும் வழக்கம் உடையவர்கள் நாம். எண்ணெயின்றி விளக்கெரியும் கடல் என்று அதைப் போற்றுகிறோம். அப்படிப்பட்ட கடலுக்கு நாம் எண்ணெய் ஊற்றலாமா? அடுத்த ஆண்டு இதே கூட்டத்திலே, ஓர் இறங்குதுறையின் கொப்பியையாவது இந்த மேடையில் விரித்துக்காட்டும் நிலையை உண்டாக்குவோம்.